28 அங்குலச் சில்லு யாருடைய காலுக்குச் செய்யப்பட்டது?



பிள்ளை ஆறாம் தரத்துக்குப் போகப்போகிறது என்றால் நம் வீடுகளில் சைக்கிள் பேச்சு தொடங்கிவிடும். கடைக்குப் போகிறோம். கடைக்காரர் வயதைக் கேட்கிறார். வாப்பாமார் சொல்லும் பதில் ஊர் முழுக்க ஒன்றுதான்: "கொஞ்சம் பெரிசாப் பாத்துத் தாங்க, வளர்ற புள்ளதானே, ஓ.எல். வரைக்கும் ஓடட்டும்."

பெருநாள் சட்டையை இரண்டு விரல் கூடுதலாகத் தைப்பது போன்ற கணக்கு இது. சட்டை பெரிதென்றால் கையை மடித்துவிடலாம். சைக்கிளின் பாரை மடிக்க முடியாது. காலையில் பாடசாலை வாசலில் கடமைக்கு நிற்கும் நாம் இதன் மறுபக்கத்தைப் பார்க்கிறோம். கால் நிலத்துக்கு எட்டாமல் மதிலைப் பிடித்து நிற்கும் பிள்ளை. விரல் பிரேக்குக்கு எட்டாமல் செருப்பைத் தேய்த்து நிறுத்தும் பிள்ளை. ஒருமுறை விழுந்துவிட்டு அதோடு சைக்கிளை விட்டு ஆட்டோவில் வரத் தொடங்கும் பெண்பிள்ளை. அந்த ஆட்டோவுக்கு மாதாமாதம் போகும் காசைக் கணக்குப் பார்த்தால், "பெரிசா வாங்கினால் லாபம்" என்ற கணக்கு எங்கே பிழைத்தது என்று தெரியும்.

இதற்குப் பெற்றோரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. சைக்கிளின் சரித்திரமே உயரமான ஆம்பளை ஒருவரின் காலைச் சுற்றித்தான் ஓடியிருக்கிறது. குட்டையானவர்களும் பெண்களும் பிள்ளைகளும் கிடைத்த சைக்கிளுக்குத் தங்கள் உடம்பை வளைத்துக்கொண்டார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

முன்னால் ஆள் உயரச் சில்லும் பின்னால் தட்டு அளவில் ஒரு குட்டிச் சில்லும் வைத்த பழைய சைக்கிளைப் படங்களில் கண்டிருப்பீர்கள். 1870களில் இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரத்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி போன்றவர்கள் அதைச் செய்து பெயர் வாங்கினார்கள். சிலர் அதை வேடிக்கைக்குச் செய்த வண்டி என்று நினைக்கிறார்கள். அதற்குள் இருந்தது ஒரு நேரான கணக்கு. அந்தச் சைக்கிளில் செயின் இல்லை. பெடல் முன் சில்லின் அச்சிலேயே பூட்டியிருந்தது. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சில்லும் ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றும். வேகமாகப் போக வேண்டுமென்றால் சில்லு பெரிதாக வேண்டும். எவ்வளவு பெரிதாக? ஓடுபவரின் கால் எட்டுமளவுக்கு. அதனால் கடைக்காரர் தையற்காரர் மாதிரி முதலில் காலைத்தான் அளந்தார். 48, 50, 52 என்று இரண்டிரண்டு அங்குலமாகக் கூடிப் 60 வரையும் சில்லுகள் விற்பனைக்கு இருந்தன.

காலுக்கு அளந்து விற்றார்கள் என்பதற்காக அது நீதியான சைக்கிள் ஆகிவிடவில்லை. பிள்ளைகளுக்கு வட்டத்தின் சுற்றளவு படிப்பிக்கும்போது நாம் இந்தக் கணக்கைச் செய்யச் சொல்வதுண்டு. 60 அங்குலச் சில்லு ஒரு சுற்றில் ஏறத்தாழ 4.79 மீற்றர் போகும். 48 அங்குலச் சில்லு 3.83 மீற்றர்தான் போகும். நூறு தடவை பெடல் மிதித்தால் நெட்டையான ஆள் 479 மீற்றர் தூரத்தில் நிற்பார், குட்டையான ஆள் 383 மீற்றரில். ஒரே உழைப்புக்கு 96 மீற்றர் வித்தியாசம், கால் குட்டை என்ற ஒரே காரணத்துக்காக! பெண்களுக்கு இது முற்றாகவே பொருந்தவில்லை. நீளப் பாவாடையோடு அவ்வளவு உயரத்தில் ஏற முடியாது. அவர்களுக்கும் வயதானவர்களுக்கும் மூன்று சில்லு வண்டிகள் வந்தன. விக்டோரியா மகாராணியே 1881இல் ஸ்டார்லியின் மூன்று சில்லு வண்டிகளுக்கு ஓடர் கொடுத்தார். ஆனால் அவை பாரமும் அதிகம், விலையும் அதிகம்.

விடுதலை செயினோடு வந்தது. 1884இல் கங்காரு என்ற பெயரில் ஒரு சைக்கிள் வந்தது. அதன் முன் சில்லு 36 அங்குலம்தான். செயினும் பற்சக்கரமும் போட்டு, பெடல் ஒரு சுற்றுக்குச் சில்லு ஒன்றுக்கு மேற்பட்ட சுற்றுச் சுற்றும்படி செய்திருந்தார்கள். இப்படிப்பட்டவற்றைக் 'குள்ளச் சைக்கிள்' என்றே அந்நாளில் அழைத்தார்கள். அடுத்த வருடம், 1885இல், ஜேம்ஸ் ஸ்டார்லியின் சகோதரர் மகன் ஜோன் கெம்ப் ஸ்டார்லி, பின் சில்லைச் செயினால் இழுக்கும் ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். இன்று நம் வீட்டு வாசலில் நிற்பது அதன் பேரப்பிள்ளைதான்.

செயின் வந்தபின் காலின் நீளத்துக்கும் சில்லின் அளவுக்கும் இருந்த கட்டு அறுந்துவிட்டது. கணக்கைப் பாருங்கள். நம் ஊரில் ஓடும் 26 அங்குலச் சைக்கிள் ஒன்றில் முன் பற்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். 26ஐ 44ஆல் பெருக்கி 18ஆல் வகுத்தால் 63.6 வரும். அதாவது 63 அங்குலத்துக்கு மேற்பட்ட இராட்சதச் சில்லில் ஓடுவதற்குச் சமம். இப்போது 20 அங்குலச் சில்லை எடுங்கள். முன்னால் அதே 44, பின்னால் 14 பல் போட்டால் 62.9. ஏறத்தாழ ஒன்றுதான். "சின்னச் சில்லு ஓடாது, கால்தான் நோகும்" என்று நம் ஆட்கள் சொல்வது பல்லை எண்ணாமல் சொல்லும் பேச்சு. மலிவான சிறுவர் சைக்கிள்கள் ஓடாமல் இருப்பதற்குக் காரணம் அவற்றின் பாரமும் தரமில்லாத போல்பேரிங்குகளும். பழி மட்டும் சில்லின் மேல் விழுகிறது. (இந்தக் கணக்கை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்றைக்கும் 'கியர் அங்குலம்' என்று சொல்கிறார்கள். ஆள் உயரச் சில்லு போய் 130 வருடத்துக்கு மேலாகியும் அதன் அளவுகோல் போகவில்லை.)

இனி ஒவ்வொருவர் உயரத்துக்கும் ஏற்ற சில்லு வைக்கலாம் என்ற நிலை வந்தும் அது நடக்கவில்லை. காற்றடித்த டயர் வந்த பிறகு பெரிய சில்லு கட்டாயமாகவும் இருக்கவில்லை. அந்த டயரின் கதையிலேயே ஒரு சின்னப் பிள்ளை இருக்கிறது. பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சில்லுச் சைக்கிள் கரடுமுரடான பாதையில் குலுங்குவதைப் பார்த்து, றப்பர் குழாயில் காற்றடித்துச் சில்லில் சுற்றிக் கொடுத்தார். 1888இல் அதற்கு உரிமைப்பத்திரம் எடுத்தார். ஒரு பிள்ளையின் வசதிக்காகப் பிறந்த பொருள் அது. ஆனால் தொழிற்சாலைகள் பெரும் எண்ணிக்கையில் உற்பத்தி செய்யத் தொடங்கியபோது ஒரே ரிம், ஒரே டயர், ஒரே கம்பி என்பதுதான் அவர்களுக்குச் சுகமாக இருந்தது. பெரியவர்களின் சைக்கிளுக்கு 28 அங்குலம், பிறகு 26 என்று சில்லு நிலைத்துவிட்டது. குட்டையான ஆளுக்குச் சீட்டைத் தாங்கும் குழாயை மட்டும் வெட்டிக் குறைத்தார்கள்.

பாரின் கதை தனிக் கதை. லண்டனில் டெனிஸ் ஜோன்சன் என்பவர், பெடல் கண்டுபிடிக்காத காலத்திலேயே, 1819இல், காலால் தள்ளி ஓடும் வண்டியின் நடுப்பகுதியைத் தாழ்த்திப் பெண்களுக்கென்று ஒன்று செய்திருந்தார். 1880களின் கடைசியில் ரோவர் வகைச் சைக்கிளிலும் அதே மாதிரி பார் இல்லாத 'லேடீஸ்' சைக்கிள் வந்தது. உடை சில்லில் சிக்காமலிருக்க, பின் சில்லுக்கு இரண்டு பக்கமும் மட்காட்டிலிருந்து அச்சு வரைக்கும் நூல் வலை பின்னினார்கள். செயினை முழுதாக மூடினார்கள். அபாயா சில்லில் சிக்கி விழுந்த கதைகள் நம் ஊரில் எத்தனை! 1890களில் தீர்த்துவைத்த பிரச்சினை அது. ஹொலந்தில் இன்றைக்கும் அப்படி மூடிய சைக்கிள்கள் ஓடுகின்றன. நமக்கு வரும் லேடீஸ் சைக்கிள் பலவற்றில் செயின் மூடி பேருக்குத்தான் இருக்கிறது, வலை அறவே இல்லை. நைலோன் நூலும் ஒரு மணித்தியாலமும் இருந்தால் வீட்டிலேயே பின்னிவிடலாம்.

பார் இல்லாத சைக்கிளுக்கு ஒரு விலையும் இருந்தது. பாரை எடுத்தால் உறுதிக்காகக் குழாய்களைத் தடிப்பாக்க வேண்டும், பாரம் கூடும். 1894இல் உலகத்தைச் சுற்றப் புறப்பட்ட அனி லண்டன்டெரி என்ற மூன்று பிள்ளைகளின் தாய் 42 பவுண்ட் நிறையுள்ள பெண்கள் சைக்கிளில்தான் பொஸ்டனிலிருந்து வெளிக்கிட்டார். சிக்காகோவில் அதை விட்டுவிட்டு 21 பவுண்ட் நிறையுள்ள ஆண்கள் சைக்கிளுக்கு மாறினார். சரிபாதிப் பாரம். உடையையும் அதற்கேற்ப மாற்றினார். பயணத்தின் பெரும்பகுதி கப்பலில் என்றாலும், அந்தக் கப்பல் வழியில் நம் கொழும்பும் இருந்தது. சிறிய உடம்பு ஓடும் சைக்கிளில் பாரம் எவ்வளவு முக்கியம் என்பதை நாம் நினைப்பதே இல்லை. 75 கிலோ ஆளுக்கு 18 கிலோ சைக்கிள் என்பது வேறு, 30 கிலோப் பிள்ளைக்கு அதே 18 கிலோ என்பது வேறு.

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது கிராமத்துப் பெண்கள் பெருந்தொகையாகச் சைக்கிள் பழகினார்கள். அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். பிறகு பலர் அதையே விரும்பினார்கள். காரணம், முன்னால் பாரில் பிள்ளையை இருத்திக்கொண்டு போகலாம். எது 'பெண்ணுக்கு ஏற்றது' என்று கடையில் ஒட்டிய லேபிளைப் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பதற்கு இது நல்ல சாட்சி. ஓடுகிறவருக்குத்தான் தேவை தெரியும்.

நம் நாட்டுக்கு ஆங்கிலேயர் காலத்தில் வந்த ரலி, ஹம்பர் வகைச் சைக்கிள்கள் அந்த 28 அங்குல மரபைச் சேர்ந்தவை. மூத்தவாப்பாமாரின் சைக்கிளில் சீட்டில் ஏற முடியாமல், பாருக்குள்ளால் காலை விட்டு, உடம்பை ஒரு பக்கம் கோணலாக்கி ஓடிப் பழகியவர்கள் இதை வாசிக்கும் நாநாமாரில் நிறையப் பேர் இருப்பீர்கள். தமிழ்நாட்டில் இதைக் குரங்குப் பெடல் என்பார்கள். இப்போது நினைக்க இனிமையாகத்தான் இருக்கிறது. அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று 20, 24 அங்குலச் சைக்கிள்கள் கடையில் நிற்கும்போதும் பிள்ளையை அந்தக் கோணலுக்குள் தள்ளுவதுதான் நமக்கு விளங்காத விடயம்.

"பெரிய சில்லுத்தான், ஆனால் சீட்டை இறக்கலாமே" என்று கேட்பார்கள். சில்லு பெரிதாக இருக்க, சட்டத்தை மட்டும் சிறிதாக்கினால் பெடலுக்கும் முன் சில்லுக்கும் இடைப்பட்ட தூரம் குறைந்துவிடும். ஹேண்டிலைத் திருப்பும்போது முன் சில்லு வந்து காலின் விரலில் முட்டும். நேர் வீதியில் வேகமாகப் போகும்போது இது தெரியாது. ஒழுங்கையில் மெதுவாகத் திரும்பும்போதுதான் தெரியும், அப்போது ஆள் நிலத்தில். இதைத் தவிர்க்கக் கம்பனிகள் பாரை நீளமாகவே விட்டுவிடும். அப்படி விட்டால் ஹேண்டில் தூரத்தில் நிற்கும். குட்டையானவர் கையை நீட்டி, முதுகை வளைத்து, கழுத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு ஓட வேண்டும். சீட்டை எவ்வளவு இறக்கினாலும் இந்த நீட்டம் குறையாது.

இதைக் கையிலெடுத்தவர் அமெரிக்காவின் றொச்செஸ்டர் நகரத்துப் பொறியியலாளர் ஜோர்ஜினா டெரி. சைக்கிள் ஓடும் பெண்களுக்குக் கழுத்தும் தோளும் நோவதன் காரணத்தைத் தேடி, தன் வீட்டு நிலவறையில் தானே குழாய்களை ஒட்டிச் சட்டம் செய்யத் தொடங்கினார். 1985இல் பெண்களுக்கென்றே ஒரு கம்பனி தொடங்கினார். அவருடைய சிறிய அளவுச் சைக்கிள்களில் பின் சில்லு வழமையான 700 சி, முன் சில்லு மட்டும் 24 அங்குலம். முன் சில்லு சிறிதானதால் பாரைக் குறைக்க முடிந்தது, காலும் முட்டவில்லை. பார்ப்பதற்கு விசித்திரமாக இருந்ததால் சிரித்தவர்களும் உண்டாம். ஆனால் நூறு வருடமாக உடம்பை வெட்டிச் சைக்கிளுக்குப் பொருத்தியவர்கள் மத்தியில், சைக்கிளை வெட்டி உடம்புக்குப் பொருத்திய வேலை அது. குறையும் இருந்தது: இரண்டு அளவு டயர், இரண்டு அளவு டியூப் தேட வேண்டும். நம் ஊர்த் திருத்தும் கடையில் அது நடக்காத காரியம். பெண் உடம்பின் அமைப்பே வேறு என்ற அவருடைய விளக்கத்தில் விவாதம் உண்டு. நம்முடைய பார்வையில் ஐந்தடி ஆணுக்கும் ஐந்தடிப் பெண்ணுக்கும் இதில் ஒரே தொல்லைதான்.

டெரிக்கு முன்பே இங்கிலாந்தில் அலெக்ஸ் மோல்ட்டன் என்பவர் வேறு வழியில் போயிருந்தார். 1956 சூயஸ் நெருக்கடியில் பெற்றோல் பங்கீட்டுக்கு வந்தபோது சைக்கிளைப் பற்றி யோசிக்கத் தொடங்கியவர், 1962இல் 16 அங்குலச் சில்லுகளோடு, பார் இல்லாமல், சீட்டையும் ஹேண்டிலையும் வெகுவாக ஏற்றி இறக்கக்கூடிய சைக்கிளை வெளியிட்டார். வாப்பாவும் உம்மாவும் பிள்ளையும் ஒரே சைக்கிளை ஓடலாம். சின்னச் சில்லு கூடுதலாகக் குலுங்கும் என்பது உண்மை. அதற்கு அவர் அழுத்தம் கூடிய டயரும் றப்பர் ஸ்பிரிங்கும் போட்டார். அதே வருடத்தில் அந்தச் சைக்கிளில் கார்டிஃப் நகரத்திலிருந்து லண்டனுக்கு ஓடிச் சாதனையும் வைத்தார்கள். சின்னச் சில்லு ஓடாது என்ற பேச்சுக்கு அதைவிடப் பதில் தேவையில்லை.

இனி நம் கடைக்கு வருவோம். '26' என்று சொல்லி டயர் வாங்கி வந்து ரிம்மில் ஏறாமல் திருப்பிக் கொடுத்த அனுபவம் பலருக்கு இருக்கும். டயர்க்காரர் ஏமாற்றியதாக நினைக்க வேண்டாம். 26 என்பது டயரின் வெளி அளவைக் குத்துமதிப்பாகச் சொன்ன பழைய பெயர். பழைய லேடீஸ் சைக்கிளின் 26 × 1⅜ டயர் உட்காரும் ரிம் 590 மில்லிமீற்றர். மவுண்டன் சைக்கிளின் 26 × 1.95 டயர் உட்காரும் ரிம் 559 மில்லிமீற்றர். பெயர் ஒன்று, வித்தியாசம் 31 மில்லிமீற்றர். டயரின் பக்கத்தில் சின்ன எழுத்தில் 37-590, 50-559 என்று இருக்கும். முதல் இலக்கம் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் அளவு. இரண்டாவது இலக்கத்தைப் பார்த்து வாங்கினால் அலைச்சல் இல்லை.

பிள்ளைக்கு வாங்கும்போது வயதை விட்டுவிட்டுக் காலை அளக்க வேண்டும், 1870களின் கொவென்ட்ரிக் கடைக்காரர் மாதிரி. செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி, தடித்த கொப்பி ஒன்றைக் கால்களுக்கிடையில் மேலே இறுக்கி வைத்து, கொப்பியின் மேல் விளிம்பிலிருந்து நிலம் வரை அளவுங்கள். 1967இல் ஹாம்லி, தோமஸ் என்ற இருவர் இங்கிலாந்தில் செய்த ஆய்வின்படி, கீழே விட்ட பெடலிலிருந்து சீட்டின் மேற்பக்கம் வரை உள்ள தூரம் அந்த அளவின் 109 சதவீதமாக இருக்கும்போது மிதிப்பது நன்றாக இருக்கும். அது நன்கு ஓடத் தெரிந்த பெரியவர்களுக்கான கணக்கு. பிள்ளைகளுக்கு அதை உச்ச உயரமாக எடுத்துக்கொள்வது நல்லது. கால் 64 சென்டிமீற்றர் என்றால் 70க்கு மேல் போகக்கூடாது. கடையில் நிற்கும் சைக்கிளின் சீட்டை அடியோடு இறக்கிவிட்டு அளந்து பாருங்கள். 75 வருகிறதென்றால் அந்தச் சைக்கிள் அந்தப் பிள்ளைக்குரியதல்ல, கடைக்காரர் எவ்வளவு கழிவு தந்தாலும் சரி.

பிறகு பாருக்கு மேலாக இரண்டு காலையும் ஊன்றி நிற்கச் சொல்லுங்கள். இடையில் இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். சீட்டில் இருத்தி, புதிதாகப் பழகும் பிள்ளையென்றால் இரண்டு பாதமும் நிலத்தில் படுகிறதா, ஓடத் தெரிந்த பிள்ளையென்றால் இரண்டு முன்பாதமும் படுகிறதா என்று பாருங்கள். பெடலை முன்னுக்கு வைத்து ஹேண்டிலைத் திருப்பிக் கால் முட்டுகிறதா என்று பாருங்கள். பிரேக் லீவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். பல லீவர்களில் சின்ன ஸ்குரூ ஒன்று இருக்கும், அதைத் திருகினால் லீவர் கைக்குக் கிட்ட வரும். நம் ஊரில் அதை யாரும் தொடுவதில்லை. பெடல் கிராங்கின் நீளத்தையும் பாருங்கள். பெரியவர்களின் சைக்கிளில் அது பெரும்பாலும் 170 மில்லிமீற்றர். குட்டைக் காலுக்கு அது நீளம். முழங்கால் நெஞ்சுக்கு ஏறும், இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும்.

காசுக்கணக்கும் உண்டு, அதை மறுக்கவில்லை. 24 அங்குலச் சைக்கிள் இரண்டு மூன்று வருடத்தில் சிறிதாகிவிடும். ஆனால் ஓடிய சைக்கிளுக்கு அடுத்த வீட்டில் ஒரு பிள்ளை எப்போதும் இருக்கிறது. பயந்து போய் மூலையில் சாத்தி வைத்த 26 அங்குலச் சைக்கிள் டியூப் உக்கிப்போய்த்தான் வெளியே வரும். வளர்ச்சிக்கு இடம் வேண்டுமென்றால் சீட்டின் குழாயில் இருக்கிறது. பிள்ளை வளர வளர நான்கு மாதத்துக்கொரு தடவை அளந்து ஏற்றிவிடுங்கள். அந்தக் குழாயில் குறுக்காக ஒரு கோடு வெட்டியிருக்கும். அது வெளியே தெரியுமளவுக்கு உயர்த்த வேண்டி வந்தால் குழாய் முறியலாம். அடுத்த அளவுச் சைக்கிள் பார்க்கும் நாள் அதுதான்.